தகரமூஞ்சியை ஐந்து பேர் திட்டிய கதை

1

இந்தக் கதை ஒரு துண்டுக்கு அடியில் பிறந்தது.

என் அண்ணி டப்பிங் பேசுகிறவள். வெளிநாட்டுப் படங்களில் வாயசைக்கிற பெண்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பது அவள் தொழில். தொண்டைதான் சோறு போடுகிறது என்பதால், வேலை இல்லாத நாட்களில் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்பாள். அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் அவள் அதிகம் பேசுவாள்.

நான் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். துண்டு பேசியது.

"நீ கதை எழுதறவதானே? எங்கம்மா தியேட்டர்ல பண்ணின கூத்தை எழுதேன்."

"முதல்லேர்ந்து சொல்லுங்க அண்ணி."

துண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பாத்திரத்துத் தண்ணீர் மேசையில் சிந்தியது. ஆவி முழுக்க வீணாய்ப் போன பிறகுதான் அவள் சொல்லி முடித்தாள்.

ஆகவே முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை அவள் சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அவள் கண்கள் கலங்கின", "உதடு துடித்தது" என்று எங்காவது வந்தால் அது என் கைச்சரக்கு. நம்பிவிடாதீர்கள்.

(இன்னொன்று. அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதுகிறாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மன்னிக்கவும். எங்களுக்குள் சண்டை டி.வி. ரிமோட்டுக்காக மட்டும்தான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

சிறுபான்மைச் சமூகம் ஒன்றில் பிறந்து, எத்தனையோ அவமானங்களைத் தாண்டி, தன் குரலைத் தேடி அலைந்த அந்த அபலைப் பெண் —

அண்ணி படித்துவிட்டு, "யாருடி இந்தப் பொம்பளை? பாவமா இருக்கு. வாசல்ல நின்னா ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்பு," என்றாள்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

அவள் ஒரு தீப்பொறி. அவள் வாயைத் திறந்தால் மைக்கே —

"மைக் என்ன ஆகும்?"

"உருகும்னு எழுதலாம்னு பார்த்தேன் அண்ணி."

"அது வாடகை மைக். உருகினா ஸ்டுடியோக்காரன் என்னைத்தான் உருக்குவான்."

இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் உறைத்தது. ஒன்றில் அவள் பாவப்பட்டவள், இன்னொன்றில் தீப்பந்தம். அவள் எந்தப் படங்களைப் பற்றிப் மணிக்கணக்காகக் குறைப்பட்டுக்கொள்வாளோ, அந்தப் படங்கள் செய்வதையே அவளை வைத்து நான் செய்திருக்கிறேன். நடுவில் ஒரு மனுஷி இருக்கிறாள். பல் தேய்க்கிறாள், பஸ்ஸைப் பிடிக்கிறாள், ரிமோட்டை ஒளித்து வைக்கிறாள். அவளுக்கு எப்படி ஒரு முதல் வரி எழுதுவது?

எழுத வேண்டாம். அவள் வேலையைச் சொல்கிறேன். அதுவே அவளைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

3

அலமாரியை விடக் கொஞ்சம் பெரிய அறை. நான்கு சுவரிலும் முட்டை அட்டை போல மேடுபள்ளமான பஞ்சு. நடுவில் மைக், அதன் முன் ஒரு தாங்கியில் வசனத்தாள், எதிர்ச் சுவரில் படம் ஓடும் திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநரும் சவுண்ட் இன்ஜினியரும். இந்த அறையில்தான் அண்ணி பல வருஷமாக உலகம் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவற்றில் பெண்கள் பேசுவது அவளுக்கு மனப்பாடம். "பார்த்து!" "போகாதே!" "உனக்குப் பின்னாடி!" "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்." இவற்றை எந்த வரிசையில் கலைத்துப் போட்டாலும் ஒரு படம் வந்துவிடும் என்பாள். இது போக அலறல்கள். கட்டடத்திலிருந்து விழுகிற அலறல் ஒரு தினுசு. அதற்கு மூச்சு நிறைய வேண்டும். தண்ணீரில் விழுவதென்றால் பாதியில் வெட்ட வேண்டும். வில்லன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அலறல் கூடாது, வெறும் 'க்' மட்டும்.

ஒருமுறை எங்கள் வீட்டுச் சமையலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்து அவள் கட்டட அலறலைப் போட்டுவிட்டாள். கீழ் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார்.

"போஸ்டரைப் பாரு," என்பாள். "அஞ்சு பேர் நிப்பாங்க. நாலு ஆம்பளைங்க நேரா நிப்பாங்க. அவ மட்டும் முதுகும் தெரியணும் முகமும் தெரியணும்னு முறுக்கிக்கிட்டு நிப்பா. நீ அப்படி ஒரு நிமிஷம் நின்னு பாரு, இடுப்பு பிடிச்சுக்கும்."

நின்று பார்த்தேன். பிடித்துக்கொண்டது.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தப் படங்களில் வேறு நிறம், வேறு மொழி, வேறு ஊர் என்று ஒரு நண்பர் வருவார். நன்றாகச் சிரிக்க வைப்பார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போவார். அவர் செத்தால்தான் ஹீரோவுக்குக் கோபம் வரும். டப்பிங் உலகில் அந்தப் பாத்திரத்துக்கு 'அரை நாள் வேலை' என்று பெயர்.

4

அண்ணி பிறந்த வீட்டில் பேசுவது வேறு மொழி. அதன் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் "ஓ, அவங்களா!" என்பீர்கள். அந்த 'ஓ'வைத் தவிர்க்கத்தான். இந்த நகரத்தில் அந்த மொழி பேசுகிற எல்லோரையும் இரண்டு ரயிலில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் கூட்டம்.

அண்ணியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற பெரிய சலவைக் கூடம் ஒன்றில் அத்தைக்கு வேலை. அத்தையின் தமிழ் ஒரு தனி ரகம். அவர்கள் மொழியில் உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிவு கிடையாதாம். அதனால் அத்தைக்கு எல்லாமே மரியாதைக்குரியவர்கள். பஸ் வந்துட்டாரு. மழை போயிட்டாங்க. குக்கர் கூப்பிடுறாரு, போய்ப் பாரு. அதேபோல 'நான்' என்ற சொல்லும் அவர் வாயில் வராது. தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, "நாங்க குடிச்சுட்டோம்," என்பார்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதில் அண்ணி பளிங்குத் தமிழ் கற்றுக்கொண்டாள். (இந்த வாக்கியத்தை நான் ஒரு பக்கத்துக்கு நீட்டி வைத்திருந்தேன். பெஞ்சு, சிரிப்பு, மூலையில் ஒரு சிறுமி. அண்ணி பேனாவால் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் "போதும்டி" என்று எழுதிவிட்டாள்.) வளர்ந்த பிறகு, அம்மாவின் பேச்சை அச்சாகப் பேசிக் காட்டி விருந்துகளில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். ஸ்டுடியோ ஆண்டு விழாவிலும் பேசிக் காட்டினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அது ஞாபகம் இருந்தவர்களில் ஒருவர் டப்பிங் இயக்குநர். கலைஞர்கள் எதைப் பேசினாலும் "மூச்சு விடுங்க, மூச்சு!" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவதால் அவருக்கு மூச்சு சார் என்று பெயர். அவர் ஒருநாள் போன் செய்தார்.

"ஒரு படம் வந்திருக்கு. இந்தத் தடவை கடைசி அடி ஹீரோயினோடது. வாங்க."

அண்ணி தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள் என்று எழுதலாம். அது நான் பார்த்தது. அது உண்மை.

5

படத்தை மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு நிலவில் சிறிய ஜனக்கூட்டம் ஒன்று இருக்கிறது. இரும்பு முகமூடி போட்ட ஒருவன் அங்கேயுள்ள மலையைப் பிளந்து எடுத்துப் போக வருகிறான். எல்லா ஹீரோக்களும் உடைக்கிறவர்கள். அந்த ஊர் வெல்டர் அம்மாளுக்கு மட்டும் தொட்டதை ஒட்ட வைக்கிற சக்தி.

படத்தில் அவர்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள். ஸ்டுடியோவில் அவளுக்கு வெல்டிங் அக்கா, அவனுக்குத் தகரமூஞ்சி. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வெல்டிங் அக்காவுக்கு நடுத்தர வயது. கனத்த தோள். இடுப்பை முறுக்காமல் நேராக நிற்கிறாள். மூலப் படத்தில் தன் ஜனங்களின் சாயலோடு, நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள். அண்ணிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. எந்தக் குரலில் பேசலாம் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது மூச்சு சார் காதொலிப்பானில் சொன்னார்.

"இதை நாம காமெடியா பண்ணிடலாம்."

"காமெடியா? அவங்கதானே சார் ஹீரோயின்?"

"ஹீரோயின்தான். ஆனா மூலத்துலயே கொஞ்சம் வேற மாதிரி பேசுதே அந்தம்மா. நம்ம ஜனங்களுக்கு அது புரியாது. சிரிப்பு வந்தா ஒட்டிக்குவாங்க. நீங்க ஆண்டு விழாவுல பண்ணினீங்களே, உங்கம்மா மாதிரி, அதைப் போடுங்க. பிய்ச்சுக்கும்."

(மூச்சு சாரைக் கெட்டவராக எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். ஒரு தொப்பையும் தங்கச் சங்கிலியும் கொடுத்தால் போதும். ஆனால் அவர் ஒல்லியான, பயந்த சுபாவம் கொண்ட மனிதர். படம் ஓடாவிட்டால் அடுத்த படம் தனக்கு வராதோ என்ற கவலையிலேயே தலைமுடியை இழந்தவர். கதையின் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அவரே போன் செய்து, "முடி இன்னும் கொஞ்சம் இருக்கும்மா," என்றார். திருத்திக்கொள்கிறேன். இருக்கிறது.)

அண்ணி பேசினாள். பஸ்ஸுக்கு மரியாதை கொடுக்கிற குரலை விண்கலத்துக்கு மாற்றினாள். "ராக்கெட்டு கிளம்பிட்டாரு!" என்று கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கீச்சென்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூச்சு சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். அண்ணிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரிக்க வைக்கிறவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டால் ஒரு போதை.

அப்புறம் மலைக்காட்சி வந்தது. தகரமூஞ்சி இறங்கி வந்து, "யாரைக் கேட்டு இங்கே நிற்கிறாய்?" என்கிறான். வெல்டிங் அக்கா தன்னந்தனியாக நிமிர்ந்து பார்த்து, "நான் நகர மாட்டேன். இந்த மலை என் அக்கா," என்கிறாள். அண்ணி அதையும் கீச்சுக் குரலில் பேசினாள்.

இன்ஜினியர் அதை ஓட்டிக் காட்டினாள். அவளுக்கு மியூட் என்று பெயர். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். திரையில் அந்தப் பெரிய முகம். அந்த நேரான கண்கள். அதிலிருந்து கோமாளிக் குரல் வந்தது. அது அம்மாவின் குரல்.

மூச்சு சார் சிரித்தார். மியூட் சிரிக்கவில்லை. அண்ணி வசனத்தாளைத் தாங்கியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவள் கண்கள் —

"அழலை," என்றது துண்டு. "பசிச்சுது. கீழே போய் ரெண்டு பன் சாப்பிட்டேன்."

"ஏதாவது தோணியிருக்குமே அண்ணி?"

"முதல் பன் சாப்பிடறப்ப தோணலை. ரெண்டாவது பன்ல தோணுச்சு."

6

இந்த இடத்தில் அண்ணி திரும்பி வந்து மூச்சு சாரிடம் ஓர் உரை நிகழ்த்துவதாக நான் எழுதியிருந்தேன். அருமையான உரை. பெண்களைத் திரையில் எப்படிக் காட்டுகிறார்கள், சின்னக் கூட்டத்து ஆட்களை எப்படிக் கோமாளியாக்குகிறார்கள், குரல் என்பது வெறும் ஒலியா என்றெல்லாம். எழுதி முடித்து நானே கைதட்டிக்கொண்டேன்.

அண்ணி அதை அடிக்கக்கூட இல்லை. தாளை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். இப்போது மேசை ஆடுவதில்லை.

நிஜத்தில் அவள் சொன்னது: "சார், இன்னொரு டேக் போகலாமா?"

போனார்கள். கீச்சு இல்லை, இழுவை இல்லை. ஆனால் பளிங்குத் தமிழும் இல்லை. சலவைக் கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது அம்மா எப்படிப் பேசுவாரோ, அப்படி.

"நாங்க நகர மாட்டோம். மலை எங்க அக்கா. அவங்களைக் கேக்காம அவங்களை யாரும் தொட முடியாது."

திரையில் அந்தப் பெண் ஒருத்திதான் நிற்கிறாள். ஒருத்தி 'நாங்க' என்றதும் அவளுக்குப் பின்னால் ஒரு ஊரே எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அண்ணிக்கே கழுத்துப் பின்னால் குளிர்ந்தது. (இது கைச்சரக்கு அல்ல. கழுத்து துண்டுக்கு வெளியே இருந்தது. சொல்லும்போது மயிர் குத்திட்டு நின்றதை நானே பார்த்தேன்.)

மூச்சு சார் ரொம்ப நேரம் மூச்சே விடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "சிரிப்பு வரலையே."

"வராது சார்."

"அப்ப முன்னாடி பேசினதையெல்லாம் மாத்தணுமே! நாளைக்குக் கூட்டக் குரல் எடுக்கணும். அந்த நிலவு ஜனங்க கத்தறது, ஓடறது. வழக்கமா வர்ற குரூப்பு வேற படத்துக்குப் போயிட்டாங்க. ஆள் தேடவே எனக்கு நேரமில்லை, இதுல இது வேறயா?"

"நான் முன்னாடி பேசினதை மாத்திப் பேசிடறேன். நீங்க ஒத்துக்கிட்டா, கூட்டத்தையும் நானே கொண்டு வர்றேன்."

"யாரை?"

அதைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்து அண்ணி சொல்லவில்லை.

7

மறுநாள் காலை அத்தையும் அவர் கூட வேலை செய்கிற நான்கு பேரும் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். ஐவரும் ஒரே மொழிக்காரர்கள். ஒருவருக்கொருவர் அக்கா, மச்சினி, சம்பந்தி என்று ஏதோ ஒரு வகையில் சொந்தம். கேட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். வேலை நேரத்தில் ராட்சதத் துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, ஐந்து பேருக்கும் தொண்டை ஆலைச் சங்கு மாதிரி.

"வணக்கம்," என்றார்கள். மியூட்டின் மேசையில் ஒலி அளவைக் காட்டும் ஊசி சிவப்புக்குப் போய்த் திரும்பவில்லை. மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னாள் சைகையில். அப்புறம் நாலடி. கடைசியில் ஐவரும் கதவோடு கதவாக ஒட்டி நின்றார்கள்.

மூச்சு சார் விளக்கினார். "அம்மா, திரையைப் பாருங்க. வில்லன் வர்றான். நீங்க எல்லாரும் அந்த ஊர் ஜனங்க. பயந்து கத்திக்கிட்டே ஓடறீங்க. நின்ன இடத்துலயே ஓடினா போதும்."

படம் ஓடியது. அத்தை கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இவரு எத்தனை பேரு?"

"ஒருத்தன்தாம்மா."

"நாங்க?"

"அது... ஊரே."

"அப்ப எதுக்கு ஓடறோம்?"

"கதை அப்படிம்மா."

"யாரு எழுதினாங்க?"

மூச்சு சார் வசனத்தாளின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். சரி, கத்திப் பார்க்கலாம் என்று கத்தினார்கள். சம்பந்தி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சினி பயந்தவளாக நடித்ததைப் பார்த்து மற்ற நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது டேக்கில் ஓடுகிறேன் என்று ஒருவர் இன்னொருவர் காலை மிதித்தார். மூன்றாவதில் பயம் வந்தது, ஆனால் மூச்சு சாருக்கு.

அப்போது காதொலிப்பானில் இதுவரை கேட்காத ஒரு குரல் கேட்டது. மியூட்.

"சார், இந்த ஷாட்ல ஜனங்களோட முதுகுதான் தெரியுது. வாய் தெரியலை. என்ன வேணா பேசலாம்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சிவக்கத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

"என்ன வேணாவா?" என்றார் அத்தை.

"அம்மா," என்றாள் அண்ணி, "விரிப்புல மையைக் கொட்டிட்டு, நாங்க கொட்டலைன்னு திருப்பி அனுப்புவாரே அந்த ஹோட்டல் மேனேஜர். அவரு உள்ள வர்றாருன்னு நினைச்சுக்குங்க. நம்ம பேச்சுலயே பேசுங்க."

படம் ஓடியது. தகரமூஞ்சி இறங்கினான். ஐந்து தொண்டைகள் திறந்தன.

அது என்ன மொழி என்று தெரியாதவர்களுக்கும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. திட்டு. சுத்தமான, ஒழுங்கான, ஆண்டாண்டாகப் பழகிய திட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க இன்னொருவர் வாங்கி உயர்த்தி மூன்றாமவரிடம் கொடுத்தார். அண்ணி கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொன்னாள்: "தகரம் அடிச்ச மூஞ்சியோட கிளம்பி வந்திருக்கியே, உங்க வீட்டுல ஒரு ஆள்கூடவா தடுக்கலை?" மற்றதை மொழிபெயர்த்தால் பத்திரிகையில் போட மாட்டார்களாம்.

திரையில் ஜனங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இந்தச் சத்தத்தோடு பார்க்கும்போது அவர்கள் தகரமூஞ்சிக்குப் பயந்து ஓடவில்லை. கல் பொறுக்க ஓடினார்கள்.

மூச்சு சார் எழுந்து நின்றிருந்தார். "மூச்சு விடுங்கம்மா, மூச்சு!" என்றார். யாரும் விடவில்லை.

8

முடிந்து கிளம்புகிற நேரத்தில் நடந்ததைத் தனியாக ஒரு எண் கொடுத்து எழுதத் தோன்றுகிறது.

மியூட் மலைக்காட்சியை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க நகர மாட்டோம்" என்றது திரை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அத்தை ஒற்றைக் காலில் நின்றார்.

"யாரு இவங்க? நம்ம ஆளா?"

"இல்லம்மா," என்றாள் அண்ணி. "நான்தான்."

"நீயா? நீ இப்படிப் பேச மாட்டியே."

ஆண்டு விழாவில் அண்ணி என்ன பேசினாள் என்பது அத்தைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அத்தை மியூட்டிடம் திரும்பி, "மறுபடி போடும்மா," என்றார். போட்டாள். "இன்னொரு தடவை." போட்டாள். மூன்றாம் முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

பிறகு மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"இங்க தண்ணி எங்க இருக்காரு? தொண்டை காஞ்சு போயிட்டாங்க."

(நீங்கள் இப்போது சிரித்தீர்களா? நானும் எழுதும்போது சிரித்தேன். உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சு சார் செய்ததையே நானும் செய்கிறேனோ? அந்த வரியை அடித்துவிட்டு, அத்தையை ஒரு கனமான வாக்கியம் பேச வைத்தேன். அண்ணி படித்துவிட்டு, "தண்ணி எங்க போனாரு?" என்று கேட்டாள். நான் என் சங்கடத்தைச் சொன்னேன். "அடிப் போடி," என்றாள். "எங்கம்மா அந்த இடத்துல எல்லாரும் அழுதுடக் கூடாதுன்னு வேணும்னே சொன்னாங்க. அது அவங்க ஜோக். அதுல சிரிக்காம வேற எதுல சிரிப்ப?" ஆகவே தண்ணி திரும்ப வந்துவிட்டார்.)

9

முடிவுக்கு வந்துவிட்டோம். அதில்தான் தகராறு.

முடிவு அ: மூலப் படக் கம்பெனிக்காரர்கள் இந்தக் குரல்களைக் கேட்டு வியந்து, எல்லா மொழிகளிலும் இப்படியே பேசச் சொல்லி உத்தரவிட்டு, அண்ணியை விமானத்தில் ஏற்றி —

"எங்க போறதுக்கு?" என்றாள் அண்ணி. விமானம் இறங்கிவிட்டது.

முடிவு ஆ: எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். வெல்டிங் அக்கா பழையபடி கோமாளி. அண்ணி ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு —

இது இலக்கியத் தரமாக வரும் என்று எனக்கொரு சபலம். ஆனால் பொய். வெல்டிங் அக்கா அண்ணியின் குரலில், அத்தையின் தமிழில்தான் ஊரெல்லாம் பேசினாள். முதல் நாள் சிலர் சிரித்தார்கள். மலைக்காட்சிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று தியேட்டர் டார்ச்சுக்காரர் சொன்னாராம்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் நிறுத்த விரும்பும் இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. அண்ணிக்கு அடுத்து வந்த படத்தில் 'அரை நாள் வேலை'தான் கிடைத்தது. இடைவேளைக்கு முன் செத்துப்போகிற தோழி. உலகம் ஒரு படத்தில் திருந்திவிடவில்லை. ஆனால் அண்ணி அந்தத் தோழியை அப்படி ஒரு கெத்தாகச் சாகடித்தாள், ஹீரோவை விட அவளுக்குத்தான் கைதட்டல். சலவைக் கூடத்து ஐவருக்கும் இப்போது அவ்வப்போது அழைப்பு வருகிறது. அரசவையாக, பிசாசுக் கூட்டமாக, கால்பந்து ரசிகர்களாக எல்லாம் இருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பயந்து ஓட மாட்டார்கள். மூச்சு சார் அதற்கேற்ற படங்களாகப் பார்த்துக் கூப்பிடுகிறார்.

10

இப்போது அந்தத் தியேட்டர். படம் வெளியான வாரம், பகல் காட்சி. அத்தையும் நால்வரும் ஒரே வரிசையில். ஓரத்தில் அண்ணி, அவளுக்குப் பக்கத்தில் நான். (ஆம், நானும் அங்கே இருந்தேன். ஆனால் அந்தச் சமயம் பாத்ரூம் போயிருந்தேன். அதனால்தான் துண்டிடம் கேட்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.)

படம் அந்த இடத்துக்கு வந்தது. ஐவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தகரமூஞ்சி இறங்கினான். மலை வெடித்தது. டமால். டமால். இசை வேறு எழும்பியது. ஜனங்கள் ஓடினார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில், காதைத் தீட்டினால் மட்டும் கேட்கிற மாதிரி, பக்கத்து வீட்டு ரேடியோ போல ஏதோ முணுமுணுத்தது.

வெடியும் இசையும் வெளிநாட்டிலேயே கலந்து வந்த ஒலி அப்படி. வெடிச் சத்தத்தை யாரும் குறைக்கவில்லை.

"நாங்க எங்க?" என்றார் அத்தை.

"உள்ள இருக்கீங்கம்மா. வெடி மேல விழுந்துடுச்சு," என்றாள் அண்ணி.

"எங்களைக் கேக்கவே இல்லையே!"

"நிஜமாவே கேக்கலை," என்றார் சம்பந்தி அம்மாள்.

அத்தை திரையைப் பார்த்தார். தகரமூஞ்சி மலையில் காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அத்தை கைப்பையை அண்ணியின் மடியில் வைத்தார். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இயந்திரங்களை அடக்கிப் பழகிய அந்தத் தொண்டையைத் திறந்தார்.

திறந்து சொன்ன முதல் வாக்கியத்தை அண்ணி எனக்கு எத்தனை கேட்டும் மொழிபெயர்க்க மறுக்கிறாள். "தமிழ்ல வராது," என்கிறாள். அடுத்து நால்வரும் எழுந்தார்கள். தியேட்டர் முழுக்கத் திரும்பியது. அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, திரையைப் பார்த்துக் கைநீட்டி, தன் வீட்டுத் தமிழில் தகரமூஞ்சியை ஒரு வாங்கு வாங்கினாள். பால்கனியிலிருந்து வேறு மொழியில் ஒரு கிழவர். நடுவிலிருந்து யாரோ விசில். அண்ணியும் எழுந்துவிட்டாள், அம்மாவின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷமாக மற்றவர் வாய்க்குள் பேசியவள் தன் வாயால், தன் மொழியில்.

எந்த வாக்கியத்தை எழுதினாலும் அந்தச் சத்தத்தில் பாதிகூட வரவில்லை. எழுதிப் பார்த்த தாள்கள் கூடையில் கிடக்கின்றன. அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை.

பாத்ரூமிலிருந்து நான் திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன். உள்ளே இருட்டு. எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள், உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில், உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ அக்காவோ, அநியாயமாக ஒருவன் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வார்களோ, அதை அவர்கள் சொல்கிற அதே பேச்சில், கீழே விட்டிருக்கும் இடத்தில் சொல்லுங்கள்.

"..........................................................................!"

ம்ஹூம். வெடிச் சத்தம் பெரிதாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சத்தமாக.